காரணம் எழுதாத சான்றிதழ்

மாநகராட்சி கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் பெயர், தேதி, இடம், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். எதனால் இறந்தார் என்பது மட்டும் இருக்காது. இதை எழுத்தரின் மறதி என்று நினைத்துவிடக் கூடாது. பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும் இறப்புக் காரணத்தை, கொடுக்கும் நகலில் காட்டக் கூடாது என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவதற்கும் அந்தத் தாள் போதும். புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் மாமா, அத்தையின் சான்றிதழை அச்செடுத்து வந்த அன்று அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார்.

அத்தைக்கு 56 வயது. பித்தப்பையில் கல் என்று வடசென்னையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். மறுநாளே வயிறு உப்பியது. வலிக்கிறது என்று அத்தை சொன்னபோதெல்லாம், "கேஸ்தான் சார், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்பதே சிஸ்டர்களின் பதிலாக இருந்தது. அன்று இரவு மூச்சு வாங்கத் தொடங்கி, விடியற்காலை 5 மணிக்கு டூட்டி டாக்டர் வந்து, ஜி.எச்.சுக்கு எடுத்துப் போய்விடுங்கள் என்று கைவிரித்தார். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அத்தை நான்கு மணி நேரம் உயிரோடு இருந்தார்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மாமாவோடு பல அலுவலகங்களுக்கு அலைந்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மருத்துவமனையில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தின் முதல் கேள்வி "என்ன நடந்தது?" என்பது. நம் நாட்டில் இதற்கென்று இருக்கும் வாசல்களில் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகக் கட்டப்பட்டதில்லை. யார் மீது குற்றம், அது நிரூபணமானதா, இழப்பீடு எவ்வளவு என்று முடிவுசெய்யவே அவை இருக்கின்றன. அங்கே நுழைய வேண்டுமானால், என்ன நடந்தது என்பதைக் குடும்பமே கண்டுபிடித்து, தாளில் எழுதி, ஆதாரத்தோடு கொண்டுபோக வேண்டும். அதனால்தான் முதல் சில நாட்களின் காகிதங்கள் இத்தனை முக்கியமாகிவிடுகின்றன. அந்தச் சில நாட்களில்தான் குடும்பத்தில் எவருக்கும் காகிதத்தைப் பார்க்கும் தெம்பு இருப்பதில்லை.

முதல் காகிதம் பெரும்பாலும் உயிர் பிரிவதற்கு முன்பே கைமாறிவிடுகிறது. தனியார் மருத்துவமனையிலிருந்து நள்ளிரவிலோ விடியலிலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஓடும் குடும்பங்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மருத்துவர்கள் எடுத்துச் சொன்ன பிறகும் எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம், நடப்பதற்கு நாங்களே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். ஆம்புலன்ஸ் வாசலில் காத்திருக்க, வாசிக்காமல் போடும் அந்தக் கையெழுத்து, பிறகு வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் தாளாக இருக்கும். கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாத நிலையில், "மருத்துவமனை அறிவுறுத்தியதால் மாற்றுகிறோம்" என்று ஒரே வரியை அதிலேயே கையால் எழுதி, நேரத்தையும் குறித்துவிட்டால் போதும். மாமாவுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை, எனக்கும் தெரியாது.

இரண்டாவது, இறப்புக் காரணத்துக்கான மருத்துவச் சான்று. மருத்துவமனைகளில் இது நான்காம் எண் படிவம். மாநகராட்சிச் சான்றிதழில் மறைக்கப்படும் காரணம் எழுதப்படுவது இதில்தான். முன்பு இது மருத்துவமனைக்கும் பதிவாளருக்கும் இடையில் போய்வரும் தாளாக இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், இதன் நகல் ஒன்றை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள் குறைவு. வாங்கினாலும் படிக்கத் தெரிய வேண்டும். உடனடிக் காரணம் ஒரு வரியிலும், அதற்கு இட்டுச்சென்ற காரணம் அடுத்த வரியிலும், அதற்கும் அடியில் இருந்த மூல நோய் அதற்கடுத்த வரியிலும் வர வேண்டும் என்பதே அந்தப் படிவத்தின் அமைப்பு. இதயமும் மூச்சும் நின்றன என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் இறக்கும் எல்லோருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதான் போகின்றன. அத்தையின் படிவத்தை எழுதிய அரசு மருத்துவர், பெயர் தெரியாத ஒரு இளைஞர், செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்துபோகும் நிலை) என்று எழுதி அதற்குக் கீழ் வரியில் பித்தப்பை அறுவைக்குப் பின் ஏற்பட்ட வயிற்று உறை அழற்சி என்று தெளிவாகக் குறித்திருந்தார். நான்கு மணி நேரமே பார்த்த ஒருவர் எழுதிய அந்த ஒரு வரிதான் பிறகு எல்லாவற்றுக்கும் பிடிமானமாக இருந்தது.

எல்லாவற்றிலும் பெரியது கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒன்றரைப் பக்கம் தருவார்களே, அது வேறு. கேஸ் ஷீட் என்பது சேர்த்த நேரத்திலிருந்து மருத்துவர் எழுதிய குறிப்புகள், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, மருந்து கொடுத்த நேரங்கள், நர்ஸ்கள் மணிக்கொரு முறை எழுதும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாம் சேர்ந்த கோப்பு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்துவிட்டதால், இன்றும் நடைமுறையில் இருப்பது 2002ஆம் ஆண்டு விதிகளே. வாய்மொழியாகக் கேட்டால் "எம்.ஆர்.டி.ல (மருத்துவப் பதிவேடுகள் பிரிவில்) கேளுங்க", "அட்மின் சார் லீவு" என்று நாட்கள் ஓடும். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பலாம். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்களுக்கு அத்தையின் கேஸ் ஷீட் 19ஆம் நாள் கிடைத்தது, 64 பக்கம், பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்று வாங்கிக்கொண்டு. அதில் ஒரு பக்கம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசி இரவின் நர்ஸ் குறிப்பு. 12 மணிக்கு நாடித்துடிப்பு 82, 1 மணிக்கு 82, 2 மணிக்கு 84, 3 மணிக்கு 82, 4 மணிக்கு 82. ஐந்து வரியும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல. அதற்கடுத்த வரி வேறொருவர் கையெழுத்து: 4.40, நாடித்துடிப்பு 138, ரத்த அழுத்தம் 80/50. சிறுநீர் அளவுக்கான கட்டத்தில் முந்தின நாள் மாலை 6 மணிக்கு 150 மில்லி என்று இருந்தது. அதன் பிறகு காலிக் கட்டங்கள்.

பிரேதப் பரிசோதனை பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் வழுக்குவது அங்கேதான். மரணத்தில் சந்தேகம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின் கீழ் விசாரணை தொடங்கி உடல் பரிசோதனைக்குப் போகும். அரசு மருத்துவமனையில் அத்தை இறந்தபோது அங்கிருந்த மருத்துவரே, போலீசுக்குச் சொல்லட்டுமா என்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டார். மாமா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். மார்ச்சுவரி வாசலில் ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பது, அறுத்துக் கட்டிய உடலை வீட்டுக்குக் கொண்டுவருவது, ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த ஒரு நொடியில் அவர் மனதில் ஓடியிருக்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் உடலில் இருந்த சாட்சி அன்று மாலையே மூலகொத்தளம் மயானத்தில் முடிந்துபோயிற்று. பிரேதப் பரிசோதனை இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்று சிலர் சொல்வது உண்மையல்ல. முழுப் பாரமும் காகிதத்தின் மேல் விழும் என்பதே உண்மை.

இனி வாசல்கள். கோபத்தில் இருக்கும் குடும்பத்துக்கு முதலில் தோன்றுவது காவல் நிலையம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). மற்றவர்களுக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்று சொல்லும் அந்தப் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் 2 ஆண்டுகள் வரை என்கிறது. ஆனால் வழக்கு அங்கே போய்ச் சேர்வதே கடினம். அதற்குக் காரணம் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் அளித்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. லூதியானாவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு முதியவருக்கு ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து இணைத்தபோது அது காலியாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து வேறொன்றை எடுத்துவந்து பொருத்துவதற்குள் ஐந்து முதல் ஏழு நிமிடம் போய், அவர் இறந்துவிட்டார் என்பது மகன் தரப்புப் புகார். சிலிண்டர் இல்லாமல் போனதற்கு மருத்துவமனை உரிமையியல் சட்டத்தின் கீழ் பொறுப்பாகலாம், ஆகாமலும் போகலாம். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்காது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. குற்றமென்று சொல்ல வெறும் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும். விசாரிக்கும் காவல் அதிகாரி, முடிந்தவரை அரசுப் பணியில் இருக்கும் அதே துறை மருத்துவர் ஒருவரின் சார்பற்ற கருத்தைப் பெற வேண்டும். வழக்கமான முறையில் மருத்துவரைக் கைது செய்யக் கூடாது என்றும் வரையறுத்தது. உயிர்காக்கும் முயற்சியில் கை நடுங்கினால் ஜெயில் என்று இருந்தால் எந்த மருத்துவரும் ஆபத்தான நோயாளியைத் தொட மாட்டார் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் மருத்துவரைப் பற்றி இன்னொரு மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்ற ஏற்பாடு சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு உயரமான மதில் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கோபம் கைக்குப் போனால் நிலைமை தலைகீழாகும். மருத்துவமனையில் வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தில் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 10 ஆண்டுகள் சிறை உண்டு. ரிசப்ஷன் கண்ணாடி ஒன்று உடைந்த அந்த நிமிடமே புகார் கொடுக்க வேண்டியவர் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அரும்பாக்கத்தில் இருக்கிறது. மருத்துவரின் நடத்தையை விசாரித்து எச்சரிக்கவும், பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு தர முடியாது. 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. கவுன்சில் புகாரைத் தள்ளுபடி செய்தால், மேல்முறையீட்டுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்திடம் போகும் உரிமை மருத்துவருக்குத்தான் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லி, நோயாளிகள் தரப்பு மேல்முறையீடுகளை ஆணையம் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு தராசில் ஒரு தட்டு மட்டும் தொங்குவதைப்போல எனக்குப் படுகிறது. கட்டடம், வசதி, போதிய ஆள் இல்லாமை போன்ற மருத்துவமனையின் குறைகளுக்கு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தில் மனுக் கொடுக்கலாம்.

தனியார் மருத்துவமனை என்றால் நடைமுறையில் பலன் தரும் வாசல் நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்த்துவைத்தது; 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்குப் பிறகும் அதுவே நிலை என்று 2022இல் உறுதிசெய்தது. வடசென்னைக்கென்றே தனி மாவட்ட ஆணையம் இருக்கிறது. மருத்துவமனை எங்கே இருந்தாலும் புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். முன்பு கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்து எந்த ஆணையம் என்று கணக்கிட்டார்கள். இப்போது கட்டிய பில் தொகைதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. நோயாளி இறந்துவிட்டால் வாரிசுகள் புகார் தரலாம். கெடு இரண்டு ஆண்டுகள். மாமா அந்தக் கெடுவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் தாக்கல் செய்தார். இப்போது வாய்தாவுக்குப் போய்வருகிறார். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்வதையும், தாயையோ கணவரையோ இழந்த பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வடசென்னையில் பலர் போவது தனியாருக்கு அல்ல. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லிக்கும், பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கும்தான் போகிறார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று அதே சாந்தா தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே பில் கட்ட முடியாதவருக்கு எளிய வாசலும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார், அல்லது அரசின் மீது உரிமையியல் வழக்கு. கடைசி வழி எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். 1963 ஜூலையில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்தபோது வயிற்றுக்குள் துணி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார்கள். அந்த மாதமே அவர் இறந்தார். அரசு பொறுப்பேற்க வேண்டும், இழப்பீடு 36,000 ரூபாய் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1996இல். அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது 32 வயது.

எதுவும் விரைவாக நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர், பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்காலில் செய்த அறுவைக்குப் பின் போட்ட இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலையும் பிறகு உயிரையும் இழந்தார். மருத்துவக் குழு விசாரித்தது, கட்டு பற்றிய தவறு என்று அமைச்சரே சொன்னார், இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், சந்தேக மரணம் என்று பதிவான வழக்கு 304ஏ பிரிவுக்கு மாற்றப்பட்டது, குடும்பத்துக்கு 10 லட்சமும் அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. என்ன நடந்தது என்ற கேள்விக்கு ஒரு குடும்பத்துக்குச் சில நாட்களில் பதில் கிடைத்தது. வியாசர்பாடியே தெருவுக்கு வந்து, தொலைக்காட்சிகள் எல்லாம் வாசலில் நின்றதால் கிடைத்த பதில் அது. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் தனியாக நிற்கும் குடும்பத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

எங்களுக்குப் பதில் சொன்னவர் எந்த அலுவலகத்திலும் இல்லை. தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கிளினிக் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு டாக்டர், அந்த 64 பக்கத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் எதிரிலேயே படித்தார். பித்தநாளத்தில் கீறல் விழுவதும் பித்தநீர் கசிவதும் இந்த அறுவையில் நல்ல கைகளுக்கும் நேரக்கூடியது, அதை வைத்து அறுவை செய்தவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றார் முதலில். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு கடைசி இரவின் பக்கத்தைத் திருப்பி, 82க்கு மேல் விரலை வைத்து, "இது 40 நிமிஷத்துல 138 ஆகாதுங்க. ராத்திரி பூரா ஏறிட்டே வந்திருக்கும். யாரும் கையைப் பிடிச்சே பார்க்கலை" என்றார். சிறுநீர் கட்டம் காலியாக இருந்ததைக் காட்டினார். கசிவு நேர்ந்தது சிக்கல், அதைக் கவனிக்காமல் விட்டதுதான் கவனக்குறைவு என்று சட்டம் பிரிப்பதை, சட்டம் எதையும் சொல்லாமலே அவர் பிரித்துக் காட்டினார். புகாரில் எங்கள் வழக்கறிஞர் எழுதியது ஏறக்குறைய அதே வார்த்தைகள்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போது கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள்?

டாக்டர் தாள்களைப் பின்னால் தள்ளிப் பார்த்து, அதற்கு முந்தின மாலை, ஆறு மணி வாக்கில் என்றார்.

மாமா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு மணிக்குத்தான், சிஸ்டர் சொன்னபடி, அத்தையின் கையைப் பிடித்து வராந்தாவில் நான்கு சுற்று நடக்க வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.